இளைத்த குதிரைக்குக் கொள்ளு வேண்டாம்: அல்சூரில் மீட்ட ஒரு மட்டக்குதிரை

அல்சூர்வாசி:

2020இல் ஊரடங்கு தளர்ந்திருந்த மாதங்களில், பெங்களூரு அல்சூர் ஏரிக்கு அருகே காலி மனை ஒன்றில் அந்த வெள்ளை மட்டக்குதிரையைப் பார்த்தேன். கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டு வந்த பெண் குதிரை அது. விலா எலும்புகள் துருத்தி நின்றதைவிட என்னை உறுத்தியவை அதன் குளம்புகள்தாம். பல மாதங்களாகச் சீவப்படாத முன்னங்குளம்புகள் நீண்டு நுனி மேல்நோக்கி வளைந்துவிட்டதால், அது பாரத்தையெல்லாம் குதிகாலில் போட்டுச் சாய்ந்து நின்றது.

எங்கள் தெருக்காரர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். எதிர்வீட்டு அம்மாள் ஒரு வாளி நிறையக் கொள்ளு ஊறவைத்து எடுத்து வந்தார். நல்ல வேளையாக, ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர் ஒருவர் அதற்குள் வந்து சேர்ந்து அந்த வாளியைத் தள்ளி வைத்தார். நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்கு மாவுச்சத்து மிகுந்த தீனியை ஒரேயடியாகக் கொடுத்தால், இன்சுலின் சட்டென்று ஏறி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு இதயமே நின்றுவிடக்கூடும் என்றும், குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் உள்ளே போனதை வெளியேற்ற வழியில்லை என்றும் விளக்கினார். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று நம் முன்னோர் வேறு எதற்கோ சொல்லி வைத்தது, அன்று எங்கள் வாளிக்கும் பொருந்திப் போயிற்று. முதல் சில நாள்களுக்குக் குதிரை மசால் என்ற தீவனப் பயிரை மட்டும், நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாகப் போட்டோம். பிறகு பத்து நாள் வரை அளவை மெதுவாகக் கூட்டினோம். நள்ளிரவுத் தவணை என் பொறுப்பு.

உரிமையாளரைக் கண்டுபிடித்தபோது எனக்கிருந்த கோபம் அதிகம் நிலைக்கவில்லை. “கல்யாணமே நடக்கலீங்களே சார், எங்க வீட்டுலயே ஒரு வேளைதான் அடுப்பு எரியுது” என்றார். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, போதிய உணவு தராமல் வைத்திருப்பதும் குற்றமே. ஆனாலும் நாங்கள் புகார் கொடுக்காமல், குதிரையை ஒப்படைப்பதாக அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டோம். இது சரியா என்று இன்றும் என் மனைவிக்கும் எனக்கும் வாக்குவாதம் உண்டு.

பந்தயக் குதிரைகளுக்கு லாடம் கட்டிப் பழகிய ஒருவர் வந்து, குளம்பை ஒரே நாளில் வெட்டாமல், சில வார இடைவெளிகளில் மூன்று தவணையாகக் குறைத்தார். குளம்பு மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளர்வதால், முன்னங்குளம்பு முழுவதும் புதிதாக வளர்ந்து இறங்க ஏறத்தாழ ஓராண்டு ஆகும். உடல் தேறிவிட்டதைப் பார்த்து ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவர் மீண்டும் ஊர்வலத்திற்கே கேட்டார். இன்னொருவர் தம் பேத்தியின் பிறந்தநாளுக்குப் பரிசாக, அதுவும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்துக்கொள்ள! கடைசியில் ஓசூரை அடுத்த தளி அருகே தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்திற்குக் கொடுத்தோம். அங்கே ஏற்கெனவே ஒரு கிழட்டுக் குதிரை இருந்ததுதான் காரணம். கூட்டமாக வாழும் பிராணியைத் தனியாகக் கட்டிவைத்தால் உடல் தேறினாலும் அதன் மனம் வாடக்கூடும். விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கினோம்.

ஃபிரேசர் டவுன் நண்பர்:

மேலே எழுதியவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். மீட்ட குதிரையை வேறு குதிரையோடு சேர்ப்பதற்கு முன் கிளாண்டர்ஸ் சோதனை கட்டாயம். அது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வதே நடைமுறை. நான் ஒரு ஜட்கா குதிரையை மீட்டு வந்த அன்றே, ஆசையில், என் பழைய குதிரையின் தொட்டியிலேயே தண்ணீர் காட்டிவிட்டேன். இரத்த மாதிரி ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்திற்குப் போய், ‘நோய் இல்லை’ என்ற முடிவு வரும்வரை இரண்டு குதிரைகளையும் பார்த்துக்கொண்டே தூக்கமின்றிக் கிடந்தேன். இப்போது புதிதாக வரும் குதிரைக்குத் தனி வாளி, தனிக் கட்டுத்தறி, தனித் தேய்ப்பான்.