கங்காரு குட்டி பால் குடிக்க மறுக்கிறது, பேதியும் இருக்கிறது. உதவுங்கள்

டப்போ_வாசி:
வணக்கம். நியூ சவுத் வேல்ஸில் டப்போ பக்கம் இருக்கிறேன். வனவிலங்கு மீட்புக் குழுவில் சேர்ந்து பயிற்சி முடித்தபின் முதல் முறையாக ஒரு குட்டி என் பொறுப்பில் வந்திருக்கிறது. கிழக்குச் சாம்பல் கங்காரு, பெண், எடை 1.2 கிலோ. கண் திறந்துவிட்டது, காது நிமிர்ந்துவிட்டது, உடம்பில் மெல்லிய முடி படர்ந்திருக்கிறது. நியூவெல் நெடுஞ்சாலையில் தாய் லாரியில் அடிபட்டு இறந்துபோயிருக்கிறது. கண்டெடுத்த விவசாயி நல்ல மனதோடு வீட்டில் வைத்து மாட்டுப்பால் கொடுத்திருக்கிறார்.

இப்போது குழு கொடுத்த கங்காரு பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்தால் நிப்பிள் வாயில் பட்டவுடன் தலையைத் திருப்பிக்கொள்கிறது. மலம் மஞ்சளாக, தண்ணீராகப் போகிறது. தாயின் பைக்குப் பதிலாக நான் வைத்திருக்கும் துணிப்பையிலிருந்து தலையை நீட்டி இரண்டு முன்னங்கைகளையும் நக்கிக்கொண்டே இருக்கிறது. நடுவில் பல்லை நறநறவென்று கடிக்கிறது. பசியா, வலியா என்று புரியவில்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் வேறொரு மீட்புக்குப் போயிருப்பதால் மாலையில்தான் பேச முடியும். அதுவரை என்ன செய்யலாம்?

நீலமலை_அக்கா:
தம்பி, பால் பாட்டிலை ஒரு பக்கம் வையுங்கள். கை நக்குவதுதான் இதில் முக்கியமான தடயம். கங்காருவின் முன்னங்கைகளில் ரத்தக் குழாய்கள் தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன. வெயில் தாங்காதபோது பெரிய கங்காருக்களே கையை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும். எச்சில் காயக் காய ரத்தம் குளிரும். உங்கள் குட்டிக்குச் சூடு அதிகம் என்றுதான் நினைக்கிறேன்.

பைக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு மெத்தையில் (ஹீட் பேட்) உள்ள டயலை நம்பாதீர்கள். வெப்பமானியைப் பைக்குள்ளே, குட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடியே இல்லாத குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும். முடி நன்றாக மூடியதற்கு 28 போதும். உங்களுடையது நடுவில் இருக்கிறது, 30 சுமாருக்கு வைத்துப் பாருங்கள். சூடு மிஞ்சினால் குட்டி குடிக்காது. உடம்பு சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கோ நாம் பால் கொடுக்கவே கூடாது, செரிக்காது. எப்போதும் முதலில் வெப்பம், அடுத்து நீர்ச்சத்து, பால் அதற்குப் பிறகுதான்.

சில கேள்விகள்: வீட்டில் நாய் உண்டா? யார் யார் வந்து பார்க்கிறார்கள்? பால் கொடுக்கும்போது எப்படிப் பிடிக்கிறீர்கள்? சிறுநீர் போக வைக்கிறீர்களா?

டப்போ_வாசி:
அக்கா, பைக்குள் 35 காட்டுகிறது! டயல் குறைந்த அளவில்தான் இருந்தது. பேடுக்கும் பைக்கும் நடுவில் மடித்த துண்டு வைத்து, வெளிப்பையையும் எடுத்துவிட்டேன்.

நாய் உண்டு, பக்கத்து அறைவரை வரும். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் எட்டிப் பார்க்கிறார்கள். பால் கொடுக்கும்போது கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் பிடித்தேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த டிஷ்யூவால் பின்பக்கம் தடவினால் கொஞ்சம் சிறுநீர் வருகிறது.

பண்ணைக்காரன்:
நான் கங்காரு வளர்த்ததில்லை. ஆனால் தாயில்லாத கன்று, குட்டி எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஆட்டுப்பால்தான். எளிதில் செரிக்கும். தண்ணீர் கலந்து கொடுத்துப் பாருங்களேன்.

வெட்நர்ஸ்_ஆர்மிடேல்:
பண்ணைக்கார அண்ணா, தயவுசெய்து வேண்டாம். ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் கிட்டத்தட்ட மாட்டுப்பால் அளவுக்கே இருக்கிறது. கங்காரு, அதன் சிறிய உறவான வாலபி குட்டிகளுக்கு அதைச் செரிக்கும் திறன் மிகக் குறைவு. முதலில் பேதி பிடிக்கும். தொடர்ந்து கொடுத்தால் லாக்டோஸிலிருந்து வரும் கேலக்டோஸ் கண்ணில் புரை விழ வைக்கலாம். கண் வெளுத்த குட்டியைத் திரும்பக் காட்டில் விடுவது கடினம்.

இன்னொன்று. கங்காருத் தாயின் பால் முதல் நாளிலிருந்து கடைசிவரை ஒரே பால் இல்லை. பைக்குள் ஒரு பச்சைக் குட்டி, வெளியே துள்ளித் திரியும் மூத்த குட்டி என்று இரண்டு இருந்தால், ஒரே தாய் ஒரே நேரத்தில் இரண்டு காம்புகளில் இரண்டு விதமான பால் சுரக்கும். அதனால்தான் கடையில் விற்கும் பால் பவுடர் வகைகளில், பயோலாக்கில் எம்100, எம்150, எம்200 என்றும், வொம்பரூவில் 0.4, 0.6, 0.7 என்றும் படிகள் வைத்திருக்கிறார்கள். வொம்பரூ எண்கள் பை வாழ்க்கையில் எவ்வளவு பங்கு முடிந்தது என்பதைக் குறிப்பவை.

எனவே எந்தப் படி என்பதை எடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அனாதைக் குட்டி வயதுக்கு இளைத்துத்தான் இருக்கும். பாதம், வால் இரண்டின் நீளத்தையும் அளந்து, குழுவின் வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டு வயதைக் கணக்கிடுங்கள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்கு மாறுவதும் மெதுவாக, கலந்து கலந்து நடக்க வேண்டும்.

மல்லாக்கப் பிடிப்பதை உடனே நிறுத்துங்கள். பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. பையோடு மடியில் வைத்து, தலை நிமிர்ந்திருக்க, கண்ணை ஒரு துணியால் மூடிக் கொடுங்கள். கங்காருவுக்கென்றே விற்கும் நீளமான மெல்லிய நிப்பிள்தானா என்றும் பாருங்கள். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் ஓடக் கூடாது, சொட்ட வேண்டும்.

இப்போதைக்குக் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் குளுக்கோஸ் போட்டு, சிறிது சிறிதாக. பாலுக்குத் திரும்பியபின் ஒரு நாளைக்கு உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 120 முதல் 180 மில்லி. ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 25 முதல் 35 மில்லி. ஆரம்பத்தில் குறைந்த அளவே போதும்.

யாரா_கரை:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். விக்டோரியாவில் இருக்கிறேன். காலையில் சாலையோரம் ஒரு சதுப்பு வாலபி செத்துக் கிடந்தது. பைக்குள் ஏதோ அசைகிற மாதிரி இருந்தது, கிட்டப் போகப் பயந்து வந்துவிட்டேன். முடியே இல்லாத குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

நீலமலை_அக்கா:
யாரா_கரை, இன்னும் பக்கத்தில் இருந்தால் முதலில் உங்கள் மாநில வனவிலங்கு மீட்பு அமைப்பான வைல்ட்லைஃப் விக்டோரியாவை அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். செத்த தாயின் பையில் குட்டி பல மணி நேரம் உயிரோடு இருக்கலாம்.

காம்பைக் கவ்வியிருந்தால் இழுக்கக் கூடாது. வாய்க்குள் காம்பு நுனி உப்பி இறுகிப் பிடித்திருக்கும். இழுத்தால் வாயும் தாடையும் காயப்படும். தாய் இறந்துவிட்டதை உறுதி செய்துகொண்டு, காம்பைத் தாயின் உடலோடு சேரும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய நுனியைக் குட்டி விழுங்கிவிடாமல் ஊக்கால் துணியோடு குத்தி வையுங்கள். பிறகு பருத்தித் துணியில் சுற்றி, சட்டைக்குள் உங்கள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வாகனம் வரும் சாலையில் நின்று இதைச் செய்யாதீர்கள். முடிந்தால் இறந்த உடலை ஓரத்துக்கு இழுத்துவிடுங்கள், அதைத் தின்ன வரும் கழுகும் அடிபடும்.

டப்போ தம்பி, நாய் வாசனை தெரிந்தாலே இந்த இனம் மிரளும். சாம்பல் கங்காருவுக்குப் பயமே நோய். பல் கடிப்பதும் அதனால்தான் இருக்கும். பிள்ளைகளிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: கொஞ்சுவதற்கில்லை, போட்டோவும் வேண்டாம். பால் தவறினால் அடுத்த வேளை சரிக்கட்டலாம். கடும் பயத்தில் இவற்றுக்குத் தசையே சேதமாகும், அப்படி ஆனால் மீட்பது கடினம். வீட்டிலேயே அமைதியான அறை எதுவோ, அங்கே பையைத் தொங்கவிடுங்கள். வேளைக்கு வேளை ஒரே ஆள்தான் தொட வேண்டும்.

டப்போ_வாசி:
நல்ல செய்தி. பைக்குள் இப்போது 29.5. கை நக்குவது நின்றுவிட்டது. நாயைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். கண்ணை மூடிக் கொடுத்ததும் குளுக்கோஸ் நீரை இழுத்துக் குடித்தது, பிறகு கொஞ்சம் பாலும். பேதி மட்டும் நிற்கவில்லை. புளித்த மாவு மாதிரி ஒரு வாடை, லேசான நுரை.

வெட்நர்ஸ்_ஆர்மிடேல்:
அந்த வாடை ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மன அழுத்தம், பால் மாற்றம், சரியாகக் கழுவாத நிப்பிள் எல்லாம் அதற்கு வழிவிடும். வாய்க்குள் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பால் மட்டும் குடிக்கும் வயதில் மலம் மஞ்சளாக, பற்பசை பதத்தில் இருப்பது சகஜம். புல் தின்னத் தொடங்கிய பிறகுதான் புழுக்கையாக வரும். நுரையும் தண்ணீரும் சகஜமில்லை.

காக்சிடியா என்ற ஒட்டுண்ணியையும் விலக்கிவிட வேண்டும். சாம்பல் கங்காருக் குட்டிகளை அது திடீரென்று சாய்த்துவிடும், பெரும்பாலும் தரையில் இறங்கி மேயும் வயதில். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எனவே யூகித்து எதுவும் கொடுக்காமல், புதிய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு இன்றே வெட் டாக்டரிடம் போங்கள். குட்டிக்கு ஒரு நிப்பிள், அது வேறு குட்டிக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

பண்ணைக்காரன்:
சரி, ஆட்டுப்பால் வாபஸ். ஒன்று கேட்கிறேன்: அந்த விவசாயியே இதை வளர்த்திருந்தால் என்ன?

நீலமலை_அக்கா:
உரிமம் பெற்ற குழுவின் அனுமதி இல்லாமல் நியூ சவுத் வேல்ஸில் வளர்க்க முடியாது அண்ணா. சட்டம் கிடக்கட்டும். தனியாக, மனிதரோடு மட்டும் வளர்ந்த கங்காரு மனிதரையே தன் கூட்டமாக நினைக்கும். கிழக்குச் சாம்பல் பாலை முழுதாக மறக்க ஏறக்குறைய ஒன்றரை வயதாகும். அதற்குள் அதே அளவில் இன்னொரு குட்டி துணைக்கு வேண்டும். பிறகுதான் கூட்டத்தோடு விட முடியும். டப்போ தம்பி, இதை ஒருங்கிணைப்பாளரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

டப்போ_வாசி:
பரிசோதனையில் ஈஸ்ட்தான், காக்சிடியா இல்லை. டாக்டர் நிஸ்டாடின் என்ற பூஞ்சை மருந்து கொடுத்திருக்கிறார். மட்ஜி பக்கத்தில் ஒருவரிடம் இதே அளவில் ஒரு குட்டி இருக்கிறதாம். பேதி நின்றதும் அங்கே சேர்க்கலாம் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். காரில் பையை எப்படி வைப்பது? மனைவி மடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

நீலமலை_அக்கா:
மடியில் வேண்டாம், பிரேக் போட்டால் ஆபத்து. பையை ஆழமான கூடைக்குள் வைத்து, பின் இருக்கையில் பெல்ட் போடுங்கள். மேலே இருட்டாக ஒரு பருத்தித் துணி, காற்று போக இடம் விட்டு. ஏசி காற்று நேராகப் படக் கூடாது, ரேடியோ வேண்டாம். பால் கொடுத்த உடனே கிளம்பாமல் கொஞ்சம் பொறுத்துப் புறப்படுங்கள். இப்போது பயன்படுத்தும் உள்பையையும் நிப்பிளையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள். பழகிய வாசனை இருந்தால் புது இடத்தில் சீக்கிரம் குடிக்கும். ஈஸ்ட் தொற்று இருந்ததையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், சில நாள் தனிப் பையில் வைத்த பிறகே சேர்ப்பார்.