பழைய டீசல் டிசயர்: ஆடிக் காற்றில் மைலேஜ் எவ்வளவு?

கஞ்சிக்கோட்டிலிருந்து:

சித்திரையில் 2016 மாடல் டிசயர் டீசல் வாங்கினேன். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் வண்டிகளை நிறுத்திவிட்டது. அந்த 1.3 லிட்டர் எஞ்சின்தான் வேண்டுமென்றால் இனி பழைய வண்டிதான் கதி. பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றே: "எவ்வளவு குடுக்குது?" கம்பெனி சொன்ன கணக்கு லிட்டருக்கு 26.59 கிலோமீட்டர். அது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண், அங்கே எதிர்காற்று கிடையாது. விற்றவர் 22 என்றார்.

வீடு பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில், வேலை கோவையில். வாளையார் வழியாக நாலுவழிச் சாலையில் 80ஐத் தாண்டாமல் போய் வருகிறேன். ஆனியும் ஆடியும் மீட்டர் காட்டிய சராசரி காலையில் 22ஐ ஒட்டி, சாயங்காலம் வீடு திரும்பும்போது 18. இத்தனைக்கும் கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. அதாவது காலையில் ஏற்றம், சாயங்காலம் இறக்கம். இறக்கத்தில் டீசல் மிச்சமாக வேண்டும், இங்கே கதை தலைகீழ்.

காரணம் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கிற கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கிப் பாய்கிறது. கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் மேற்கே முகம் வைத்து விடாமல் சுற்றினால் அன்றைக்கு மைலேஜ் கேட்காதீர்கள். வண்டி 80, எதிர்காற்று 25 என்றால் வண்டி கிழிக்கிற காற்றின் வேகம் 105. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் அது 1.7 மடங்கு ஆகிவிடுகிறது. பின்காற்றில் கிடைப்பது இந்த நட்டத்தை முழுசாக ஈடுகட்டாது. கார்த்திகை, மார்கழியில் காற்று கிழக்கிலிருந்து வரும். மலையாளிகள் விருச்சிகக் காற்று என்பார்கள். அப்போது கணக்கு வேறு.

அதனால் ஒருவழி மைலேஜை வைத்து வண்டியைப் புகழவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். மீட்டர் எண்ணையும் நான் கடைசிக் கணக்காக எடுப்பதில்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பித்தான் கணக்கு. அதற்கு வாளையார் தாண்டி க.க.சாவடிப் பக்கம் ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப். (தமிழ்நாட்டில் டீசல் விலையும் குறைவு. கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு.) டீசல் நுரைக்கும் சரக்கு. வேகமாகப் பிடித்தால் நுரை முட்டி, டேங்க் நிறையும் முன்பே நாசில் 'டக்'கென்று நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் நுரை அடங்கி, சலசலப்பு நின்று, மேலும் இறங்கும். இரண்டு முறையும் ஒரே மாதிரி மெதுவாகப் பிடித்து, ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் எனக்கு 19 சொச்சம். இது வண்டிக்குச் சரியா, இல்லை இன்னும் பார்க்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

ஏனுங்க, டயர் சைஸ் பார்த்தீங்களா? டிசயரில் விடிஐ ரகம் என்றால் 165/80 ஆர்14தான் வரும். முன்னால் வைத்திருந்தவர் ஆசைக்குப் பெரிய டயர் மாட்டியிருந்தால் ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும், மைலேஜும் குறைந்த மாதிரி தெரியும். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை வைத்து ஒரு இருபது கிலோமீட்டருக்குச் சரிபார்த்துவிடுங்க, செலவில்லாத வேலை. அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. எங்கள் பக்கம் செங்கல் சூளைப் புழுதியில் ஓடின வண்டி ஒன்றில் அது களிமண் பிடித்துக் கிடந்தது. புதுசு மாட்டிய பிறகு கரும்புகையும் நின்றது. காற்றைக் குறை சொல்வது அதற்கப்புறம்.

கம்பத்திலிருந்து:

அண்ணே, உங்களுக்குக் காற்று, எங்களுக்குக் குமுளி மலை. ஏலத்தோட்டத்துக்கு ஏறும்போது லிட்டருக்குப் பத்து பன்னிரண்டுதான், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இறங்கும்போது பலர் நியூட்ரலில் விடுகிறார்கள், டீசல் மிச்சம் என்று. கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்டர் டீசலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலிங்கில் குடித்துக்கொண்டே வரும், பிரேக்கும் காயும். மிச்சமும் கிடையாது, ஆபத்து வேறு.

இன்னொன்று, கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் நாலு சக்கரத்துப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கம் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. என் வண்டியில் பின் இடது சக்கரம். ஹேண்ட்பிரேக் கேபிளை யாரோ இழுத்து முறுக்கி வைத்திருந்தார்கள். தளர்த்திய பிறகு வண்டி இழுவையே மாறிவிட்டது.

கஞ்சிக்கோட்டிலிருந்து:

டயர் பார்த்தேன், 165/80தான். பின் இடது என்று நீங்கள் சொன்ன பிறகு இன்று கை வைத்துப் பார்த்தேன் தம்பி, எனக்கு முன் வலது சூடு. பிரேக் காலிப்பரின் ஊசி (pin) இறுகிப் பிடித்திருக்கும் என்கிறார் மெக்கானிக். சனிக்கிழமை கழற்றுகிறோம். அடுத்த டேங்க் நிரப்பியதும் எண்ணைப் போடுகிறேன்.