தட்டம்மை-ரூபெல்லா ஊசி: ஒரு தவணை போதாதா?

மாறன்: குழந்தைக்கு 9 மாதத்தில் முதல் எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி போட்டாச்சு. இரண்டாவது எதற்கு? அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் தாய்க்கும் ரூபெல்லா ஊசி தேவையா?

தேன்துளி: இரண்டாவதை பூஸ்டர் (ஏற்கெனவே வந்த எதிர்ப்பைக் கூட்டும் ஊசி) என்று நினைக்காதீங்க. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் 9 மாதத்திலும் சில குழந்தைகளிடம் மிச்சமிருக்கும். ஊசியிலுள்ள பலவீனமான வைரஸை அது பெருக விடாது. அப்படித் தவறியவர்களைப் பிடிக்கத்தான் அடுத்த தவணை. இரண்டும் போட்டால் தட்டம்மைக்கு எதிராகச் சுமார் 97% பாதுகாப்பு. ஊசிக்குப் பின் 7-12 நாளில் காய்ச்சலோ லேசான தடிப்போ வந்தால் பதற வேண்டாம், அது தொற்றாது.

கார்முகில்: தாய்க்கு: ரூபெல்லா ஐஜிஜி (எதிர்ப்புப் பொருள் இருக்கா என்று பார்க்கும்) ரத்தப் பரிசோதனை. எதிர்ப்பு இல்லையென்றால் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்தே கருத்தரிக்கணும். கர்ப்பிணிக்குப் போடக்கூடாது; பாலூட்டும்போது போடலாம். முதல் 12 வாரத்தில் ரூபெல்லா தொற்றினால் சிசுவுக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரும் ஆபத்து மிக அதிகம். தாய்க்கோ வெறும் லேசான காய்ச்சல், அதனால்தான் கவனிக்காமல் போகிறது.

வெண்ணிலா: குப்பியையும் கவனிங்க. உள்ளே இருப்பது உலர்தூள். அதற்கென்றே வரும் கரைப்பானில்தான் கலக்கணும், வேறு எதிலும் கூடாது. கலந்தபின் 2-8 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைத்து, 6 மணி நேரத்துக்குள் தீர்க்கணும், மிஞ்சியதைக் கொட்டிவிடணும். குப்பியில் கலந்த நேரம் எழுதியிருக்கா என்று தாராளமாகக் கேட்கலாம்.

தேன்துளி: இன்னொன்று. தட்டம்மை நோயாளி வெளியேறிய அறையின் காற்றில் 2 மணி நேரம் வரை வைரஸ் இருக்கும். ஊசி போடாதவர் அங்கே இருந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் போட்டால்கூட நோயைத் தடுக்க வாய்ப்புண்டு.