மறு: ‘வயலன்ட் டெத்’ – வன்முறைச் சாவா, வன்சாவா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய அமெரிக்க இறப்பு ஆவணங்களில் வரும் ‘வயலன்ட் டெத்’ என்ற ஆங்கிலத் தொடருக்குத் தமிழில் என்ன சொல்வது என்பதே கேள்வி. இந்த இழையில் இதுவரை வந்திருப்பவை: வன்முறைச் சாவு, துர்மரணம், அகால மரணம், இயற்கைக்கு மாறான மரணம். பெரும்பாலோர் முதலாவதற்கே கை தூக்கியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல, நாம் தமிழாக்கப் போகும் ஆவணங்களைப் பற்றிக் கொஞ்சம் விரித்தாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

> வயலன்ஸ் என்றால் வன்முறை. அப்புறம் என்ன குழப்பம்?

குழப்பம் இருக்கிறது, ஐயா. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமப்புற மாவட்டங்கள்தான் நம் களம். தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். பருத்திச் சீமை. உள்நாட்டுப் போருக்கு முன் அங்கே வாழ்ந்தவர்களில் பாதிக்கு மேல் அடிமைகள். 1856-இல் மேலவைக்குள்ளேயே புகுந்து அடிமைமுறையை எதிர்த்த செனட்டர் சார்ல்ஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்துச் சாய்த்த பிரஸ்டன் புரூக்ஸ் இந்த ஊர்க்காரர்தான். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒருவர் செத்தால் அதை எழுதிவைக்க நிலையான அலுவலகம் எதுவும் கிடையாது. மாநிலம் முழுவதும் இறப்புப் பதிவு அங்கே தொடங்கியது 1915-இல்தான். (வர்ஜீனியா 1853-லேயே தொடங்கி, 1896-இல் கைவிட்டு, 1912-இல் மறுபடி தொடங்கியது.)

ஆக, நமக்குக் கிடைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சேர்த்து எடுத்த சாவுப் பட்டியல். 1850 முதல் 1880 வரை நான்கு கணக்கெடுப்புகளிலும் இது உண்டு. ஜூன் 1-க்கு முந்தைய ஓராண்டில் உங்கள் வீட்டில் யார் செத்தார், என்ன வயது, எந்த மாதம், என்ன காரணம் என்று கணக்கெடுப்பவர் கேட்பார். வீட்டுக்காரர் நினைவிலிருந்து சொல்வார். செத்தது அடிமை என்றால் சொல்பவர் எஜமானர். மறந்தது, மறைத்தது எல்லாம் போக மிஞ்சியதுதான் பட்டியல். இதில் ஒரு கொடுமையான விசித்திரம் உண்டு. உயிரோடிருந்த அடிமைகளின் அட்டவணையில் பெயர் எழுதும் வழக்கமே இல்லை. வயது, பால், நிறம், அவ்வளவுதான். சாவுப் பட்டியலிலோ பல இடங்களில் பெயர் இருக்கிறது. செத்தால்தான் பெயர்!

இந்தப் பட்டியல்களைத் தொகுத்தவர்கள் சாவுக்கான காரணங்களை வகுப்புகளாகப் பிரித்தார்கள். இங்கிலாந்தின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் வகுத்த முறையைப் பின்பற்றிய பிரிவினை அது. அதில் ஒரு வகுப்புதான் ‘வயலன்ட்’. கொலை அதில் உண்டு, தற்கொலை உண்டு, தூக்குத் தண்டனை உண்டு. அடுப்புத் தீ பாவாடையில் பற்றிச் செத்த சிறுமியும், ஆற்றில் மூழ்கியவரும், மரத்திலிருந்து விழுந்தவரும் அதே வகுப்புதான். நோயால் வராமல் உடலுக்கு வெளியிலிருந்து வந்த சாவு எல்லாம் அங்கே சேரும். செய்தவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

தமிழில் ‘வன்முறை’ என்றதும் செய்தவர் ஒருவர் வந்து நின்றுவிடுகிறார். அதனால் என்ன கேடு என்கிறீர்களா? அடிமைத் தாய்மாரின் கைக்குழந்தைகள் சாவுப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. காரணம் என்ற இடத்தில் ‘மூச்சடைத்து’ என்று ஒற்றைச் சொல். தாய் அசந்து தூங்கும்போது குழந்தைமேல் புரண்டுவிட்டாள் என்று எஜமானர் சொல்லியிருப்பார். வெள்ளையர் வீடுகளைவிட அடிமைக் குடிசைகளில்தான் இப்படிப்பட்ட பதிவுகள் மிக அதிகம். பிற்கால வரலாற்றாய்வாளர்கள் இதை மறுபடி பார்த்து, இவற்றில் பெரும்பாலானவை காரணம் பிடிபடாத திடீர்ச் சிசு மரணங்களாக இருக்கலாம் என்றார்கள். நிறைமாதத்திலும் வயலில் குனிந்து வேலை செய்தவளுக்கு, அரைவயிற்றுச் சாப்பாட்டில் வளர்ந்தவளுக்கு, பிறக்கும் பிள்ளை எப்படி இருக்கும்? அந்தப் பதிவுக்கு மேலே ‘வன்முறைச் சாவு’ என்று நாம் தலைப்பு வைத்தால் குற்றவாளியாக நிற்பது அந்தத் தாய்.

> துர்மரணம் என்பது நம் வழக்கில் ஏற்கெனவே இருக்கிறதே, அண்ணா.

இருக்கிறது, தம்பி. ஆனால் துர்மரணம் என்றதும் ஆவி அலையும், பரிகாரம் செய்ய வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. புள்ளிவிவர அட்டவணையில் அதை வைக்க முடியாது. அகால மரணம் காலத்தைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. வயிற்றுப்போக்கில் போன ஒரு வயதுக் குழந்தையும் அகால மரணம்தானே. ‘இயற்கைக்கு மாறான மரணம்’ காவல்நிலையச் சொல். இன்றைய வழக்குக்குப் பொருந்தும். பழைய அட்டவணையின் தலைப்பில் நாலு தடவை எழுதிப் பாருங்கள், கை வலிக்கும்.

என் பரிந்துரை: வன்சாவு. ‘வன்’ என்ற அடை வன்முறைக்கு மட்டும் சொந்தமானதல்ல. கடினம், வலு என்பதே அதன் அடிப்படைப் பொருள். வன்னிலம் என்கிறோம், வள்ளுவரின் ‘வன்பாற்கண்’ பாறைநிலம்தான். மூழ்கியவரும் எரிந்தவரும் வெட்டுப்பட்டவரும் இதில் அடங்குவார்கள். அதற்குள் கொலையைத் தனியே பிரிக்கும்போது ‘கொலைச்சாவு’ என்று உட்தலைப்பு வைத்துக்கொள்ளலாம்.

இனி இரண்டாவது ஆவணம், கரோனர் விசாரணைத் தாள். கரோனர் என்பவர் சந்தேகத்துக்குரிய, திடீர்ச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி. இதற்கு யாழ்ப்பாணத்து அன்பர் தந்த ‘மரண விசாரணை’யை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பேன். இலங்கையில் திடீர் மரண விசாரணை அதிகாரி என்ற பதவி இன்றும் நடப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல்துறை சொல்லும் ‘பிரேத விசாரணை’யை நம் ஆட்கள் ‘பிரேதப் பரிசோதனை’யோடு போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். தெற்கத்திக் கரோனர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை; அக்கம்பக்கத்து ஆண்களைக் கூட்டி, சத்தியம் வாங்கி, பிணத்தைக் கண்ணால் பார்க்கவைத்து, சாட்சி கேட்டு, எப்படிச் செத்தார் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார். இந்த ஆட்களை நடுவர் குழு என்பதைவிட ‘விசாரணைப் பஞ்சாயத்தார்’ என்பதே பொருத்தம். தமிழ்நாட்டில் இன்றும் பிரேத விசாரணையில் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குப் பஞ்சாயத்தார் என்றுதான் பெயர். ஊராட்சித் தலைவர் நினைவுக்கு வருவார் என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘விசாரணை’ என்ற முன்னொட்டு அதைத் தடுத்துவிடும்.

நோயில் செத்தவருக்கு இந்தத் தாளில் எழுதும் ‘விசிட்டேஷன் ஆஃப் காட்’: தெய்வச் செயல். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ‘கடவுளின் வருகை’ வேண்டாம்.

சிக்கல் அடுத்த வாய்பாட்டில். கும்பல் ஒருவரை இழுத்துப் போய்த் தூக்கில் தொங்கவிடும். பஞ்சாயத்தார் கூடுவார்கள். ‘எங்களுக்குத் தெரியாத ஆட்களின் கையால் இறந்தார்’ என்று எழுதிவிட்டுக் கலைவார்கள். பல ஊர்களில் அந்தக் கும்பல் முகத்தைக்கூட மூடியிருக்காது. இதற்கு ‘மர்ம நபர்களால் கொல்லப்பட்டார்’ என்று ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். நாளிதழ்த் தமிழ் அது. இங்கே மர்மம் ஏதுமில்லை. தெரியாது என்று சொல்பவர் யார் என்பதுதான் அந்த வாய்பாட்டின் உயிர். ‘எங்களுக்குத் தெரியாத’ என்பதை விடவே கூடாது.

எல்லாப் பஞ்சாயத்தாரும் அப்படி இல்லை என்பதற்கு எட்ஜ்ஃபீல்டுக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 1876 ஜூலை 8 அன்று ஹாம்பர்க் ஊரில் வெள்ளைக் கும்பல் தாக்கியதில் கறுப்பர் ஆறு பேர் செத்தார்கள். வெள்ளையர் ஒருவரும் செத்தார். விசாரணையை நடத்தியவர் முன்பு அடிமையாக இருந்து, பிறகு உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பான ஒன்றியப் படையில் சார்ஜன்ட் ஆகி, அப்போது ஊர் நீதிபதியாக இருந்த பிரின்ஸ் ரிவர்ஸ். அவர் கூட்டிய பஞ்சாயத்தார் 94 வெள்ளையரைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டினார்கள். ஒருவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. அந்தக் கும்பலில் இருந்த பென் டில்மன் 1890-இல் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், பிறகு செனட்டர். ஹாம்பர்க்கில் தானும் இருந்ததை மேடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர். தாளில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்று இதை வைத்துச் சிலர் வாதிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பெயர் எழுதிய தாளும் எழுதாத தாளும் மொழிபெயர்ப்பில் வேறுவேறாகத் தெரிய வேண்டும்.

கும்பல் தானே தண்டனை கொடுப்பதாகச் சொல்லி ஒருவரைக் கொல்லும் லிஞ்சிங்குக்குக் ‘கும்பல் கொலை’ போதும் என்று தோன்றுகிறது. பத்திரிகைகளில் ஊன்றிவிட்ட சொல். ஆனால் அதை மேற்சொன்ன வகுப்புகளின் உட்பிரிவாகக் காட்ட வேண்டாம். அந்தக் காலத்துச் சாவு அட்டவணைகள் அதை அப்படி எண்ணவில்லை. எண்ணியவர்கள் வெளியாட்கள்: 1882 முதல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ், அதன் பட்டியலை வைத்து 1890-களில் எழுதிய கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், பிறகு அலபாமாவில் கறுப்பருக்காக நடந்த டஸ்கிகி கல்வி நிறுவனம். 1882 முதல் 1968 வரை டஸ்கிகியின் கணக்கு 4,743 பேர். அவர்களில் கறுப்பர் 3,446. இந்தத் தொகைகளை வன்சாவு அட்டவணைக்குள் செருகினால் இரண்டு வேறு கணக்குகள் கலந்துவிடும்.

கணக்கெடுப்புச் சாவுப் பட்டியலின் ஆங்கிலப் பெயரான ‘மார்டாலிட்டி ஷெட்யூல்’ மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மேலே ‘சாவுப் பட்டியல்’ என்றே எழுதியிருக்கிறேன். ‘இறப்பு அட்டவணை’ வேண்டும் என்பவர்கள், ஆயுள் காப்பீட்டில் வரும் ‘மார்டாலிட்டி டேபிள்’ அந்தப் பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டதா என்று பார்த்துச் சொல்லுங்கள். வேறு மறுப்பு இல்லையென்றால் வன்சாவு, கொலைச்சாவு, மரண விசாரணை, விசாரணைப் பஞ்சாயத்தார் நான்கையும் வரும் வெள்ளிக்கிழமை சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.