சின்ன டவுட்: பிராக்டிஸ்ல சி வருமா, எஸ் வருமா? அவசரம்

அவசரக்குடுக்கை: சித்தப்பாவுக்கு விசிட்டிங் கார்டு. பிரிண்டிங் கடையில நின்னுக்கிட்டே டைப் பண்றேன். நான் சிங்கறேன், கடைத் தம்பி எஸ்ங்கறார். 500 கார்டு. ஓட்டுறதுக்குள்ள சொல்லுங்க.

மழைக்காகிதம்: முழு வரியையும் போடுங்க. பெயர்ச்சொல்லா வினையான்னு தெரியாம எப்படிச் சொல்றது?

கடைசி பெஞ்ச்: சித்தப்பா டாக்டரா, வக்கீலா?

மைனா: ரொம்ப சுலபம். ஐ-சி-இ-ன்னு முடிஞ்சா ஐஸ். ஐஸ் ஒரு பொருள், அதனால பெயர்ச்சொல். எஸ் வந்தா வினை. குழப்பமா இருந்தா அந்த இடத்துல அட்வைஸைப் போட்டு வாய்விட்டுச் சொல்லுங்க, காதே சொல்லிடும்.

கடைசி பெஞ்ச்: என் காது சொல்லலியே. அறிவுரையும் அட்வைஸ், அறிவுரை சொல்றதும் அட்வைஸ்.

மைனா: தொண்டையில விரல் வெச்சுப் பாருங்க. வினைக்கு வண்டு முரல்ற மாதிரி அதிரணும். அந்த ஒலிக்குத் தமிழ்ல எழுத்து இல்ல, அதான் நமக்கு ரெண்டும் ஒண்ணாக் கேட்குது.

இலக்கணப்புலி: முதலில் தலைப்பைத் திருத்துங்கள். தெரியாததைக் கேட்பது கொஸ்டின். நம்பாமல் இருப்பதுதான் டவுட். எத்தனை முறைதான் சொல்வது?

கடைசி பெஞ்ச்: புலி சார், தமிழ்ல ரெண்டுமே சந்தேகம்தான். கிளாஸ்ல கையைத் தூக்கி 'சார், டவுட்'னு கேட்காதவன் யாரு?

இலக்கணப்புலி: லண்டனில் போய் அப்படிக் கேளுங்கள். தன்னை நம்பவில்லை என்று நினைப்பார் வாத்தியார்.

கடைசி பெஞ்ச்: கார்டு லண்டனுக்கா போகுது?

நியூஜெர்சி நாகை: இங்க அமெரிக்காவுல பெயருக்கும் வினைக்கும் சிதான். லைசென்ஸ்னா ரெண்டுக்குமே எஸ்.

மழைக்காகிதம்: அதை வேற சொல்லிக் குழப்பாதீங்க. நம்ம ஊர்ல பிரிட்டிஷ் வழக்கம். வக்கீல்னா 1961 அட்வகேட்ஸ் சட்டத்துல 30ஆம் பிரிவைப் பாருங்க. 'ரைட் ஆஃப் அட்வகேட்ஸ் டு பிராக்டிஸ்'னு தலைப்பு, அங்க எஸ். பார் கவுன்சிலோட 2015 விதிகள்ல 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் பிராக்டிஸ்', அது சி. உங்க வரி என்னங்க?

அவசரக்குடுக்கை: வக்கீல்தான். பேருக்குக் கீழ 'பிராக்டிஸிங் அட்வகேட்'. பின்பக்கம் 'பிராக்டிஸ் ஏரியாஸ்'.

மழைக்காகிதம்: ரெண்டு இடமா! முன்பக்கம் எஸ், பின்பக்கம் சி. உங்க ரெண்டு பேர் சொன்னதும் பாதி சரி.

அவசரக்குடுக்கை: நன்றி. தம்பி ரெண்டுலயும் எஸ் போட்டு ஓட்டிட்டார். சித்தப்பா பின்பக்கம் பார்க்காம இருக்கணும்.