புதுப்பிப்பு: ஓவியக்கூட விரிவாக்கம், வரைபடத்தை மாற்றிவிட்டேன்

கல்லூரிப் பயிற்சிப் போட்டிக்காக, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடத்தின் முகப்பை ஒட்டியே புதுக் கட்டடம் வைக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "கான்சஸ் சிட்டியைப் பாருங்க தம்பி" என்றார் ஒரு அண்ணா.

பார்த்தேன். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் கலை அருங்காட்சியகத்தை விரிவாக்க 1999-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் மற்றவர்கள் 1933-இல் திறந்த பழைய கட்டடத்தின் வடமுகப்பை ஒட்டி வரைந்தார்கள். கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹோல் மட்டும் கிழக்குச் சரிவில் பெரும்பகுதியை மண்ணுக்குள் இறக்கினார். மேலே தெரிவது ஐந்து கண்ணாடிக் கூடுகள், அவை வழியே கீழே பகல் வெளிச்சம். அவரே வென்றார், 2007-இல் திறந்தார்கள்.

அப்புறம் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து திருவனந்தபுரம் கிளம்பிப்போய், ஓவியக்கூடம் இருக்கும் அதே வளாகத்தில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த நேப்பியர் அருங்காட்சியகத்தின் முன் நெடுநேரம் நின்றேன். அந்தக் கூரைகளை மறைக்க மனம் வரவில்லை. என் கட்டடமும் மண்ணுக்குள் போய்விட்டது. சரி, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைத் தண்ணீரை எப்படி வெளியேற்றுவது? வடிகால் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.