லெட்யூஸ் தலை கட்டவில்லை: உடனடி உதவி தேவை

தொட்டித்தோட்டம்:
வணக்கம். ஐஸ்பெர்க் லெட்யூஸ் விதையைத் தொட்டியில் விதைத்தேன். முளைப்பில் குறையில்லை, இலைகளும் செழிப்பாகவே வந்தன. ஆயினும் இன்றுவரை ஒரு செடிகூட உருண்டு தலை கட்டவில்லை. இலைகள் அகல விரிந்துகொண்டே போகின்றன, இரண்டு செடிகளில் நடுத்தண்டு உயரத் தொடங்கியிருப்பதுபோலவும் தெரிகிறது. தண்ணீரும் உரமும் தவறாமல் கொடுக்கிறேன். எங்கே தவறு என்று அறிந்தவர்கள் உடனே சொன்னால் மீதிச் செடிகளையாவது காப்பாற்றிக்கொள்வேன்.

கீரைப்பாத்தி:
விதைத்து எத்தனை நாளாயிற்று, செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி, பகலிலும் இரவிலும் வெப்பநிலை என்ன, கொடுப்பது என்ன உரம் என்ற நான்கையும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். விதை உறையில் அச்சிட்டிருக்கும் ரகத்தின் பெயரையும் பார்த்துச் சொல்லுங்கள். ஐஸ்பெர்க் என்பது 1894இல் பர்ப்பி என்னும் அமெரிக்க விதை நிறுவனம் வெளியிட்ட ஒரு ரகத்தின் பெயர். இன்று தலை கட்டும் மொறுமொறுப்பான லெட்யூஸ் எல்லாவற்றையுமே அப்படித்தான் அழைக்கிறார்கள் என்பதால், அந்தப் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

ஓட்டுத்தூள்:
விவரமெல்லாம் எதற்கு? இது சுண்ணாம்புச்சத்துக் குறைபாடு. முட்டை ஓட்டைக் காயவைத்து, மாவாக இடித்து, செடி ஒன்றுக்கு ஒரு கைப்பிடி வீதம் வேரடியில் போட்டு நீர் பாய்ச்சுங்கள். என் தோட்டத்தில் தக்காளி முதல் மிளகாய் வரை எல்லாவற்றையும் இந்தத் தூள்தான் நிமிர்த்தியது.

பழையகலப்பை:
இந்தக் கேள்விக்கு நான் எத்தனை முறை விடையெழுதியிருக்கிறேன் என்பதைப் பழைய இழைகளைப் புரட்டியிருந்தாலே அறிந்திருக்கலாம். புதியவர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. தோற்றத்தில் முட்டைக்கோசை ஒத்திருப்பதால் இதை அதன் உறவாக நினைத்து வளர்க்கிறார்கள். லெட்யூஸ் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பகல் 20 டிகிரி செல்சியசை ஒட்டியும் இரவு 10 டிகிரியை ஒட்டியும் இருந்தால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து தலை இறுகும். வெப்பமும் நீண்ட பகலும் சேர்ந்தால் செடி பூந்தண்டை எழுப்பி விதை வைக்கப் பார்க்கும், இலையும் கசந்துபோகும். தண்டு எழுந்த செடி எந்த மருந்துக்கும் திரும்பாது. முட்டை ஓடு மண்ணில் கரைந்து வேருக்குப் பயன்படுவதற்குள் அடுத்த பருவமே வந்துவிடும் என்பதையும் ஓட்டுத்தூள் அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

வெளிச்சவிதை:
எனக்கு விதைப்பின்மீதுதான் ஐயம். லெட்யூஸ் விதையை மண்ணிட்டு மூடவே கூடாது. 1952இல் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில், கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் லெட்யூஸ் ரகத்தின் விதைகளுக்குச் சிவப்பு ஒளியையும், அதற்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாகக் கிடைத்தது சிவப்பு ஒளியாக இருந்தபோது பெரும்பாலான விதைகள் முளைத்தன, தொலைச்சிவப்பாக இருந்தபோது பெரும்பாலானவை உறங்கிவிட்டன. செடிகள் ஒளியை உணர உதவும் பைட்டோகுரோம் என்னும் நிறமியைக் கண்டறிய வழிவகுத்ததே இந்த விதைதான்.

நாற்றங்கால்:
ஆய்வு உண்மை, அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் பொருந்தவில்லை. ஒளியின் தேவை ரகத்துக்கு ரகம் மாறுகிறது, வெப்பம் கூடக்கூட அதிகரிக்கிறது. குளிர்ந்த மண்ணில் பல ரகங்கள் இருட்டிலேயே முளைக்கும். மூடாமல் விட்ட விதை ஒரே வெயிலில் காய்ந்துவிடுவதால், அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் சலித்த மக்கு எருவைத் தூவுவதே நல்லது. 30 டிகிரியைத் தாண்டிய மண்ணில் பல ரகங்கள் ஒளி இருந்தும் முளைக்க மறுக்கும். அப்போது ஈரத்துணியில் சுற்றிய விதையைக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து விதைக்கிறேன்.

வெளிச்சவிதை:
மண்ணின்மேல் தூவி, கையால் மெல்ல அழுத்தி, பூத்தெளிப்பானால் நனைத்துவந்தால் எதுவும் காயாது. பத்து ஆண்டுகளாக மூடாமல்தான் விதைக்கிறேன்.

நாற்றங்கால்:
நாளைக்கு நான்கு முறை நீர் தெளிக்க எல்லோருக்கும் நேரம் வாய்ப்பதில்லை.

கீரைப்பாத்தி:
அவருடைய விதைகள் முளைத்து முடிந்துவிட்டன என்பதை இருவரும் கவனிக்கவேண்டுகிறேன்.

தொட்டித்தோட்டம்:
தாமதத்துக்கு மன்னிக்கவும். விதைத்து 62 நாள் ஆகிறது. ஒரே நீள்தொட்டியில் பன்னிரண்டு செடிகள், இடைவெளி ஒரு சாண்கூட இராது. பகலில் 27, 28 டிகிரி வரை போகிறது. இரவு வெப்பத்தை நான் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை யூரியா கரைத்து ஊற்றுகிறேன். உறையில் கிரேட் லேக்ஸ் என்றிருக்கிறது. மற்றபடி செடிகள் நலமாகவே உள்ளன, நான்காம் வாரத்திலிருந்து வாரம் இருமுறை வெளியிலைகளைப் பறித்துப் பயன்படுத்தியும் வருகிறேன்.

கீரைப்பாத்தி:
கடைசி வரியை முதல் வரியாக எழுதியிருந்தால் நம் எல்லோருக்கும் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். வெளியிலையைப் பறித்துக்கொண்டே இருக்கும் முறை தலை கட்டாத இலை வகைகளுக்கு உரியது. தலை கட்டும் வகையில், முதலில் விரியும் அகன்ற இலைகள்தான் உள்ளே உருளவேண்டிய இலைகளுக்கு உணவு சமைத்துத் தருகின்றன. அவற்றை நீங்கள் வாரம் இருமுறை எடுத்துவிட்டால் செடி இழந்ததை ஈடுகட்டுவதிலேயே காலத்தைக் கழிக்கும். கிரேட் லேக்ஸ் வெப்பத்தை ஓரளவு தாங்கும் நல்ல ரகம்தான், எனவே விதையைக் குறை சொல்ல வழியில்லை. நேரடியாக விதைத்த செடி தலை இறுக 80, 90 நாள்கூட ஆகலாம் என்பதால் 62 நாளில் மனம் தளரவும் வேண்டாம்.

பறிப்பதை இன்றே நிறுத்துங்கள். தண்டு எழுந்த இரண்டையும் நீக்கிவிடுங்கள். மற்றவற்றில் செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இருக்கும்படி நல்லவற்றை மட்டும் விட்டு, மீதியை வேரைக் கிளறாமல் மண்மட்டத்தில் கத்தரித்துவிடுங்கள். யூரியா வேண்டாம், தழைச்சத்து மிகுந்தால் இலை தளர்ந்து பெருக்குமே தவிர இறுகாது. வேர் மேலாகவே ஓடும் பயிர் இது, ஆகவே மேல்மண் ஒருநாள்கூட உலரக்கூடாது. நண்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள்.

ஓட்டுத்தூள்:
சுண்ணாம்புச்சத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே? உள்ளிலைகளின் ஓரம் கருகுவது எதனால் என்று எந்தப் புத்தகத்திலும் பார்க்கலாம்.

பழையகலப்பை:
பார்த்தவர் முழுவதையும் படித்திருக்கவேண்டும். சுண்ணாம்புச்சத்து, இலை ஆவியாக்கும் நீரோட்டத்தோடு சேர்ந்தே மேலேறுகிறது. மூடிய தலைக்குள் இருக்கும் இளம் இலை நீரை அதிகம் ஆவியாக்காததால், மண்ணில் சத்து நிறைந்திருந்தும் அதற்குப் போய்ச் சேர்வதில்லை. வெப்பத்தில் செடி விரைந்து வளரும்போதும் நீர் ஒருநாள் மிகுந்து மறுநாள் குறையும்போதும் இது வரும். சீரான நீர்ப்பாய்ச்சலே இதற்குத் தீர்வு. தவிர, கேட்டவருக்கு இன்னும் தலையே கட்டவில்லை, அதன் உள்ளிலை கருகுவதைப் பற்றி இப்போது என்ன பேச்சு?

வெளிச்சவிதை:
மூடாமல் விதைத்திருந்தால் நாற்றுகள் ஒரே சீராக வந்திருக்கும் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு விலகிக்கொள்கிறேன்.

தொட்டித்தோட்டம்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று செடிகளை விட்டுவைத்தேன். ஒன்று தண்டு எழுந்து போயிற்று, ஒன்று தளர்வாகவே நின்றுவிட்டது, ஒன்று இரண்டு கைகளுக்குள் அடங்கும் அளவுக்குத் தலை கட்டியது. இடையில் இரண்டு நாள் நீர் ஊற்ற இயலாமல் போயிற்று. இன்று அறுத்துப் பார்த்தபோது உள்ளே சில இலைகளின் ஓரம் பழுப்பாக இருந்தது. நன்றி.

ஓட்டுத்தூள்:
நான் அன்றே சொன்னேன்.